தீர்ப்புப் பாறையில் ஓர் அழுங்கு

ஒரு விடுகதை. அங்கே ஏறும்வரை வாயை நம்பிப் பிழைக்கலாம். ஏறிவிட்டால் காதை நம்பித்தான் பிழைக்க வேண்டும். அது எந்த இடம்?

விடை தெரியாவிட்டால் பரவாயில்லை. செதிலி என்ற அழுங்குக்கும், அதாவது எறும்புதின்னிக்கும், முதலில் தெரியவில்லை. இத்தனைக்கும் அவள் ஒரு வக்கீல்.

மருதங்காட்டின் நடுவே ஒரு குளம். குளக்கரையில் அகலமான பாறை ஒன்று. அதற்குத் தீர்ப்புப் பாறை என்று பெயர். நீதிபதிகள் அதன்மேல் ஏறித்தான் வழக்குக் கேட்பார்கள். யானை, காட்டெருமை, கடமான் என்று பெரிய விலங்குகளே தலைமுறை தலைமுறையாக அங்கே ஏறின. பகலில் வளைகளில் தூங்கி இரவில் வெளியே வரும் விலங்குகளில் ஒன்றுகூட நீதிபதி ஆனதில்லை.

ஆகக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. தேர்வுக்கு யாரும் வரலாம். ஒருமுறை முயல் வந்தது. நண்பகலில் பாறை கொதித்தது. முயல் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தது. ‘நிலையாக நிற்கத் தெரியவில்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்னொருமுறை முள்ளம்பன்றி வந்தது. தேர்வாளர் அதட்டியதும் அதன் முட்கள் சிலிர்த்துக்கொண்டன. ‘முன்கோபி’ என்று அதையும் அனுப்பிவிட்டார்கள்.

பெரிய விலங்குகளின் கன்றுகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவை அந்தப் பாறையில் சறுக்கி விளையாடியே வளர்ந்தவை. எந்த இடம் சுடும், எங்கே நின்றால் குரல் எட்டும் என்பதெல்லாம் அவற்றின் காலுக்கே தெரியும்.

போன மழைக்காலத்தில் ஒரு வழக்கு வந்தது. குளத்துக்குப் போகும் பாதையை அகலப்படுத்த வேண்டும் என்று மான்கள் கேட்டன. பாதையோரம் இருந்த குழிகளை மண் தள்ளி மூடும்படி நீதிபதிகள் உத்தரவு போட்டார்கள். “அவை குழிகள் அல்ல, வீடுகள்!” என்று செதிலி நாள் முழுக்க வாதாடினாள். “பகலில் அங்கிருந்து யாரும் வந்து நாங்கள் பார்த்ததில்லையே” என்றார்கள் நீதிபதிகள். மூன்று குடும்பங்கள் வீடிழந்தன.

அன்றே செதிலி முடிவு செய்துவிட்டாள். வளையை உள்ளேயிருந்து பார்த்த ஒருத்தியாவது அந்தப் பாறையில் உட்கார வேண்டும்.

மாசியில் ஓர் இடம் காலியானது. இப்போது விட்டால் அடுத்த இடத்துக்கு எட்டு மழைக்காலம் காத்திருக்க வேண்டும்.

ஒருநாள் காட்டெருமை வெண்காலி செதிலியைத் தேடி வந்தாள். வெண்காலி நீதிபதி.

“தேர்வுக்குப் போகிறாயாமே?” என்று கேட்டாள்.

“ஆமாம், நீதிபதியம்மா.”

“அதை மன்றத்தில் சொல். இங்கே அக்கா போதும். வளைகளை மூடச் சொன்ன தீர்ப்பில் என் குரலும் இருந்தது. போன வாரம் அந்தப் பாதையில் என் குளம்பு உள்ளே இறங்கிவிட்டது. பார்த்தால், உள்ளே உலர்ந்த புல்லைப் பரப்பி வைத்திருந்தார்கள். குட்டிகள் படுக்க.” வெண்காலி சற்று நிறுத்தினாள். “நாளை நண்பகலில் பாறைக்கு வா. பழகலாம்.”

“எனக்காகச் சிபாரிசு செய்வீர்களா அக்கா?”

“மாட்டேன். என் கன்றுக்குக் கிடைத்த பாறை உனக்கும் கிடைக்கும். அவ்வளவுதான்.”

மறுநாள் செதிலி முதல்முறையாகப் பாறை ஏறினாள். வெண்காலி எதிரே நின்று, “ஏய், என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய்?” என்று ஓர் அதட்டல் போட்டாள். அவ்வளவுதான். செதிலி பந்தாகச் சுருண்டாள். சரிவில் உருண்டு போய்க் குளத்தில் விழுந்தாள்.

மன்றத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடும் டவாலி வேலை கருங்குரங்கு கருமுகனுக்கு. அவன் கிளையில் தொங்கியபடி, “வழிவிடுங்கள், வழிவிடுங்கள், நீதிபதி உருண்டு வருகிறார்!” என்று கூவினான்.

செதிலி நனைந்தபடி மறுபடியும் ஏறினாள்.

அதட்டினால் சுருள்வது அழுங்குகளின் பிறவிக் குணம். வக்கீலாக நின்றபோது செதிலி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். சுருளத் தோன்றும்போதெல்லாம் வாதாடத் தொடங்கிவிடுவாள். பேசிக்கொண்டிருக்கும்வரை உடம்பு சுருளாது. பாறையிலும் அதையே செய்தாள். அணிலுக்கும் மரங்கொத்திக்கும் சண்டை என்று வெண்காலி ஒரு கற்பனை வழக்கைப் பாதி சொல்வதற்குள் செதிலி ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பிளந்துகட்டினாள்.

“நன்றாக வாதாடினாய். தீர்ப்பு எங்கே?” என்றாள் வெண்காலி.

“அதுதானே சொன்னேன்?”

“நீ சொன்னது அணில் தரப்பு. மரங்கொத்தி இன்னும் வாயே திறக்கவில்லை.”

செதிலிக்கு முகம் சுண்டிப்போனது. வாயை மூடினால் உடம்பு சுருள்கிறது. வாயைத் திறந்தால் வக்கீல் ஆகிவிடுகிறாள்!

வெண்காலி பாறையைச் சுற்றிப் பார்த்தாள். ஓரிடத்தில் மெல்லிய வெடிப்பு இருந்தது. “எனக்குக் குளம்பு. உனக்கு நகம். அதை இதில் ஊன்று. சுருளத் தோன்றினால் அழுத்து. வாதாடத் தோன்றினாலும் அழுத்து.”

பங்குனி முழுக்க இதே வேலை. வெண்காலி அதட்டினாள், கேலி செய்தாள், வேண்டுமென்றே தப்பாகப் பேசினாள். செதிலி நகத்தை அழுத்தினாள். நகம் தேய்ந்தது, உள்ளங்கால் கொப்பளித்தது. வெயில் கண்ணைக் கூசச் செய்தது. அவள் ஒருநாள்கூட வராமல் இருக்கவில்லை. கடைசி வாரத்தில், “வக்கீலம்மா, இன்றைக்கு உருளவில்லையா?” என்று கருமுகன் கேட்டான். “இல்லை. நாளைக்கும் இல்லை” என்றாள் செதிலி.

கடமான் நீதிபதிக்கு இது பிடிக்கவில்லை. “தேர்வுக்கு முன்பே அவளைப் பாறையில் ஏற்றுகிறாயே, நியாயமா?” என்று வெண்காலியிடம் கேட்டது.

“என் கன்று இங்கே நாலு வருஷம் புரண்டான். உன் குட்டியும் புரண்டான். அப்போது நீ கேட்கவில்லையே?”

கடமான் புல்லை மென்றுகொண்டு போய்விட்டது.

தேர்வு நாள் வந்தது. தேர்வாளர்கள் மூவரில் வெண்காலியும் ஒருத்தி. “இவளைப் பழக்கியது நான். நான் உட்காரக் கூடாது” என்று அவள் எழுந்துவிட்டாள். அவள் இடத்தில் காட்டுப்பன்றி உட்கார்ந்தது. தலைமை யானை தும்பிக்கையை உயர்த்தியது. தீர்ப்பாகாமல் இருந்த வழக்குகளில் ஒன்றைக் கருமுகன் கூப்பிட்டான்.

காகமும் குயிலும் முன்னால் வந்தன. நடுவில் ஒரு குயில் குஞ்சு. இறகு முளைத்துத் தானே பறக்கும் வயது அதற்கு.

“முட்டை போட்டது அவள். அடைகாத்தது நான்” என்றது காகம். “என் குஞ்சு என்றே நினைத்தேன். புயலில் என் இறக்கைக்குள் வைத்துக் காத்தேன். இப்போது குரல் மாறியதும் வந்து கேட்கிறாள்.”

 காத்து வளர்த்தவளிடமிருந்து குஞ்சைப் பிடுங்குவதா என்று செதிலிக்குத் தோன்றியது. காகத்துக்காகப் பேச நாக்கு நுனிவரை வார்த்தை வந்துவிட்டது. அவள் நகத்தை அழுத்தினாள்.

“நீ சொல்” என்றாள் குயிலிடம்.

“எங்களுக்குக் கூடு கட்டத் தெரியாது. என் அம்மாவுக்கும் தெரியாது” என்றது குயில். “விட்டுவிட்டுப் போனேன் என்கிறார்கள். தினமும் எதிர்மரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கிட்டே போனால் கொத்துவார்கள்.”

செதிலி நடுவில் நின்ற குஞ்சைப் பார்த்தாள்.

“இன்னும் என்ன யோசனை?” என்று யானை பிளிறியது. குளத்து நீர் அதிர்ந்தது. செதிலியின் செதில்கள் ஒவ்வொன்றாக மடங்கத் தொடங்கின. கருமுகன் கிளையில் குனிந்து பார்த்தான். கூட்டத்தின் ஓரத்தில் முயலும் முள்ளம்பன்றியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன.

அவள் நகத்தை அழுத்தினாள். செதில்கள் மெல்ல விரிந்தன.

“இன்னும் ஒருவரைக் கேட்கவில்லை” என்றாள் நிதானமாக. குஞ்சின் பக்கம் திரும்பினாள். “உன்னை யாராவது கேட்டார்களா, கண்ணு?”

“இல்லை” என்றது குஞ்சு.

“நீ பறக்கிறாய், இரை தேடுகிறாய். யாரோடு இருக்க வேண்டும் என்று நீயே சொல். நீ சொல்வதுதான் தீர்ப்பு. நீ யாரோடு போகவில்லையோ அவர் உன்னைப் பார்க்க வந்தால் யாரும் கொத்தக் கூடாது. அதுவும் தீர்ப்பு.”

 யானையும் கடமானும் காட்டுப்பன்றியும் தலையைச் சேர்த்துப் பேசின. பிறகு யானை சொன்னது: “இந்த வழக்கைப் பத்து நாளாகக் கேட்கிறோம். குஞ்சைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. இடம் உனக்குத்தான். வழக்கை முடித்துவிட்டு வா.”

முயல் துள்ளியது. வெண்காலி கூட்டத்தின் பின்னால் நின்று காதை மட்டும் அசைத்தாள். விடுகதைக்கு விடை இப்போது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

மேலே இருப்பவர் தன் பிள்ளைக்குக் காட்டும் வழியை மற்றவருக்கும் காட்டினால்தான் நீதியின் இருக்கை எல்லாருக்கும் பொதுவாகும்.

செதிலி காத்திருந்தாள். காகம் வெல்ல வேண்டும் என்று அவள் மனம் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

குஞ்சு குயிலிடம் போனது.