வரிச்சி சொன்ன ‘ம்’

“கிர்ரக்... கிர்ரக்...”

இருட்டிய பிறகு, குளக்கரை மருதமரத்தின் அடிப் பொந்தின் கதவில் இந்தச் சத்தம் கேட்டது. யாரோ நகத்தால் பட்டையைச் சுரண்டுவது போன்ற சத்தம்.

உள்ளே வரிச்சி என்ற தாய் அணில் தன் மூன்று பிள்ளைகளையும் வாலுக்குள் இழுத்துக்கொண்டாள். பிள்ளைகள் பிறந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. இன்னும் கண் திறக்கவில்லை. கடைக்குட்டி பால் குடித்துக்கொண்டே சிணுங்கியது.

அந்தப் பொந்துக்குக் குளத்து ஆமை ஒருவர் காவல். கதவு ஒரு மரப்பட்டை. தாழ்ப்பாள் ஒரு கருவேலங்குச்சி. யார் வந்தாலும் ஆமையார் பட்டையில் இருந்த ஓட்டை வழியாகப் பெயரைக் கேட்பார். பிறகு உள்ளே திரும்பி, “விடலாமா, வேண்டாமா?” என்பார். வரிச்சி சொன்னதைச் செய்வார். தானாக எதையும் முடிவு செய்யமாட்டார்.

அதில்தான் தொல்லை. நாளைக்கு நாற்பது தடவை கேட்பார்.

“எறும்பு ஒருத்தர் குறுக்கே போகணுமாம். விடலாமா, வேண்டாமா?”

“ம்.”

“காய்ஞ்ச இலை ஒண்ணு காத்துல வந்து நிக்குது. விடலாமா, வேண்டாமா?”

“இலையைக்கூடவா கேட்கணும், அண்ணே? ம், ம்!”

“மைனா அத்திப்பழம் கொண்டு வந்திருக்கா. விடலா...”

“ம்!”

கேட்டுக் கேட்டு, கேள்வி முடியும் முன்பே வரிச்சிக்கு ‘ம்’ வந்துவிடும். பிள்ளைகளைத் தூங்க வைக்கவும் அவளுக்குத் தெரிந்த பாட்டு அந்த ‘ம்’தான்.

மைனா அதே மரத்தின் உச்சியில் கூடு கட்டியிருந்தாள். எங்கே பழம் பழுத்திருக்கிறது, எங்கே மேகம் கறுத்திருக்கிறது என்று பறந்து பார்த்து வந்து சொல்வாள். பழத்தையும் கொண்டு வருவாள். பிள்ளைகளை விட்டு நகர முடியாத வரிச்சிக்கு மைனா வராவிட்டால் அன்று பட்டினி.

சுரண்டல் சத்தம் நின்றது. ஆமையார் ஓட்டையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு உள்ளே திரும்பினார்.

“தங்கச்சி, மைனாவாம். இனிமே வெளியிலேர்ந்து யார் வந்தாலும் கேள்வி கேட்காம உள்ளே விடணுமாம். விடலாமா, வேண்டாமா?”

சரியாக அந்த நேரம் கடைக்குட்டி வீறிட்டது. “ம்... ம்... ம்...” என்று வரிச்சி அதைத் தட்டிக்கொடுத்தாள்.

“மூணு தடவை சொல்லிட்டே. சரி!” ஆமையார் குச்சியை உருவிக் கீழே போட்டார்.

வரிச்சி துள்ளி எழுந்தாள். ஓடி வந்து கதவில் முதுகைக் கொடுத்தாள்.

“ஐயோ, என்ன அண்ணே பண்றீங்க!”

“நீதானே ‘ம்’னு சொன்னே?”

“அது பிள்ளைக்குச் சொன்னது!”

“எனக்கு எல்லா ‘ம்’மும் ஒரே ‘ம்’தான், தங்கச்சி.”

“இனிமே என் ‘ம்’மைக் காதுலயே வாங்காதீங்க. நான் வாயைத் திறந்து சொன்னாத்தான் எதுவும் செய்யணும்!”

“அப்படியே ஆகட்டும்.”

வெளியே குரல் எழுந்தது. “இன்னும் என்ன யோசனை? பேரைச் சொல்லியாச்சு, நான் மைனா! சீக்கிரம் சரின்னு சொல்லு! இல்லேன்னா நாளையிலேர்ந்து உனக்குப் பழம் கிடையாது!”

வரிச்சி கதவை விட்டு நகரவில்லை. மைனாவின் மனம் கோணிவிட்டால்? நாளைக்குப் பழம் இல்லையென்றால் பால் ஏது? ஒரே ஒரு ‘சரி’ சொன்னால் இந்தத் தொல்லை தீரும். ஆனால் கண்ணெதிரே மூன்று பிள்ளைகள்.

“அண்ணே,” என்று கிசுகிசுத்தாள். “மைனாக்கா இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படிக் கேட்டிருக்காங்களா?”

ஆமையார் யோசித்தார். “இல்லையே. பழத்தை வைப்பா, போவா. வேற யாரையும் விடச் சொன்னதே இல்லை.”

“இது அவங்க குரல்தானா?”

“நான் பேரைத்தான் கேட்பேன். குரலைப் பார்க்கிறது என் வேலை இல்லை.”

“நல்ல காவல், போங்க!”

தூங்குகிறவர்களை எழுப்புவது மரியாதை இல்லை என்று நினைப்பவள் வரிச்சி. இன்று அந்த மரியாதையை விழுங்கிவிட்டு, மரத்தின் உச்சி கேட்கும்படி கத்தினாள்.

“மைனாக்கா! நீங்க வாசல்லயா நிக்கிறீங்க?”

மேலே இறக்கை படபடத்தது. “யாருடி அது? வாசலா? நான் கூட்டுல தூங்கிட்டிருக்கேன்!”

“கதவைத் திறந்து வைக்கச் சொன்னீங்களா?”

“எனக்கு எதுக்குடி திறந்த கதவு? நான் போய்க் கொண்டு வர்றவ. உன் வீட்டுக்குள்ள ஊரையே கூட்டி நான் என்ன பண்ண?”

மறுகணம் கதவு இடிபட்டது! வரிச்சி ஓரடி சறுக்கினாள். இடுக்கு வழியே மயிர் அடர்ந்த கால் ஒன்று, கூர் நகங்களோடு நுழைந்து பிள்ளைகள் பக்கம் துழாவியது.

மரநாய்!

“தங்கச்சி, கடிக்கலாமா, வேண்டாமா?” என்றார் ஆமையார்.

“ம்! ம்!”

“வாயைத் திறந்து சொல்லு!”

“கடிங்க அண்ணே!”

ஆமையார் கடித்தார். “ஐயோ! விடு, விடு!” என்று மரநாய் அலறியது.

ஆமையார் கடித்த வாயோடே முனகினார். “விடச் சொல்லுது தங்கச்சி. விடலாமா, வேண்டாமா?”

“இன்னும் நல்லா ஒரு கடி கடிச்சிட்டு விடுங்க!”

கால் வெளியே போனது. சருகுகளின் மேல் நொண்டி நொண்டி ஓடும் சத்தம் குளக்கரை வரை கேட்டது.

வரிச்சி நடந்ததையெல்லாம் மேலே பார்த்துச் சொன்னாள். “அடி பைத்தியமே!” என்றாள் மைனா மேலேயிருந்து. “வேண்டாம்னு சொன்னா நான் கோவிச்சுக்குவேன்னா நினைச்சே? எனக்கு நிஜமாவே வேணும்னா விடிஞ்சதும் வந்து இன்னொரு தடவை கேட்கமாட்டேனா? பிள்ளைகளைப் பார்த்துக்கோ. நான் தூங்கணும்.”

வரிச்சி கீழே கிடந்த குச்சியை எடுத்தாள். அவசரத்தில் அது இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் அழுத்தமாக விழுந்தது.

வீட்டு வாசலானாலும் கணினிக்குள் வெளியார் நுழையாமல் காக்கும் ஃபயர்வாலானாலும், தெரிந்த பெயரிலேயே அனுமதி கேட்டாலும், கேட்பது யார், எதற்கு என்று புரியும்வரை ‘வேண்டாம்’ என்று சொல்வதே நல்லது.