ஆண்டு அனுபவியும்

கருவேலங்கோட்டை ராஜா மகுடபூபதிக்கு ஒரு பழக்கம். யாருக்கு எதைக் கொடுத்தாலும் "ஆண்டு அனுபவியும்" என்று சொல்லித்தான் கொடுப்பார். வெற்றிலை கொடுத்தாலும் அதே பேச்சுதான்.

பட்டாபிஷேக நாளன்று இரண்டு பேருக்குப் பொற்கிழி கொடுத்தார். ஒருவர் மந்திரி பேரம்பலம். இன்னொருவன் சபையைச் சிரிக்கவைக்கும் விகடகவி வெண்காடன்.

பேரம்பலம் அந்தப் பொன்னைக் கொடுத்து வெள்ளியில் ஊஞ்சல் செய்தார். செய்ததோடு சரி, பட்டுத்துணி சுற்றி அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். பெண்டாட்டி ஆசைப்பட்டு ஒருநாள் உட்காரப் போனாள். வெள்ளி தேய்ந்துபோகும் என்று வீட்டையே இரண்டாக்கிவிட்டார் மனுஷன்.

வெண்காடன் என்ன செய்தான் தெரியுமா? சாரல் நேரம் பார்த்துத் தெருவையே வண்டியில் ஏற்றிக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனான். ஆசை தீரக் குளித்து, வயிறு முட்டத் தின்று, காலிக் கிழியோடும் ஜலதோஷத்தோடும் திரும்பினான்.

பேரம்பலம் சும்மா இருப்பாரா? ராஜா கொடுத்த பொன்னைத் தண்ணீரில் விட்டுவிட்டான் என்று வத்தி வைத்தார். ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொன்னால் கிடைத்ததை நாளைக்கே இருவரும் சபைக்குக் கொண்டுவர வேண்டும், வெறுங்கையோடு வருகிறவன் நாட்டைவிட்டே போகவேண்டும் என்றுவிட்டார். வெண்காடன் மனைவி அன்று உலையே வைக்கவில்லை.

மறுநாள் ஆட்கள் மூச்சுவாங்க ஊஞ்சலைச் சுமந்து வந்தார்கள். வெண்காடனோ கையை வீசிக்கொண்டு வந்தான். கொண்டுவந்தது எங்கே என்று ராஜா உறுமினார். அவன் சொல்ல ஆரம்பித்தான். மாமனார் தலைப்பாகையைக் குரங்கு பிடுங்கியது, அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளையில் உட்கார்ந்தது, குரங்கையே மாமனார் என்று நினைத்து மாமியார் கீழே நின்று திட்டித் தீர்த்தது என்று அடுக்கிக்கொண்டே போனான். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். திரைக்குப் பின்னால் ராணி சிரித்தது சபைக்கே கேட்டது.

"மன்னா, நான் கொண்டுவந்தது இதுதான். எத்தனை தடவை எடுத்தாலும் தேயாது," என்றான் வெண்காடன். "கிழி கொடுத்தபோது என்ன உத்தரவிட்டீர்கள்?"

"ஆண்டு அனுபவியும் என்றேன்."

"நான் அனுபவித்தேன். மந்திரியார் ஊஞ்சலில் ஒரு தடவையாவது ஆடினாரா என்று கேளுங்கள். பூட்டிவைக்கச் சொல்லி உத்தரவில்லையே."

ராஜ உத்தரவை மீறியது யார் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அங்கேயே துணியை உருவி, ஊஞ்சலை மாட்டி, மந்திரியை ஏற்றி ஆட்டச் சொன்னார் ராஜா. கிறீச் கிறீச் என்று சங்கிலி தேய்ந்தது. ஒவ்வொரு கிறீச்சுக்கும் மந்திரிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"என்ன மந்திரியாரே, இப்போதாவது அனுபவிக்கிறீரா?"

"அனுபவிக்கிறேன், மன்னா," என்று அழுதார் பேரம்பலம். "செய்த பாவத்தையெல்லாம் சேர்த்து அனுபவிக்கிறேன்."