எட்டாவது கை

அந்தக் காலத்தில், விலங்குகளுக்கும் வாய்ப்பேச்சு இருந்தபோது, மலைமேல் ஏழு குடிசைகள் கொண்ட ஓர் ஊர் இருந்தது. பொழுது சாய்ந்ததும் ஏழு ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, குச்சியெடுத்துத் தம்பட்டை என்ற தோற்பறையை அடிப்பார்கள். சத்தம் கேட்டால் சிறுத்தை அண்டாது என்பது அவர்கள் நினைப்பு. சிறுத்தையோ புதருக்குள் படுத்து ஒவ்வொரு கையின் அடியையும் காதால் பழகிக்கொண்டிருந்தது. ஏழு கை. ஏழு ஆள்.

பெண்கள் தம்பட்டையைத் தொடக்கூடாது. தொட்டால் தோல் கிழியும் என்பார்கள்.

தேன் காலம் வந்தது. செங்குத்துப் பாறையில் கயிறு பிடிக்க ஏழு பேரும் வேண்டும், விடியலிலேயே போய்விட்டார்கள். நடுப்பகலில் மூடுபனி இறங்கியது. நஞ்சி கைப்பிள்ளையோடு வீட்டுக்குள் இருந்தாள். துணைக்கு ஓரகத்தி வெள்ளச்சி.

வாசலை மூடிய மூங்கில் படலுக்கு வெளியே மூச்சுச் சத்தம்.

"நஞ்சி, ஏழு கையும் இன்றைக்குப் பாறையில் தொங்குதாமே?" என்றது சிறுத்தை. "பிள்ளை சிணுங்குதே. இப்படிக் கொடு, நான் தூங்கவைக்கிறேன்."

படலைக் கட்டியிருந்த நார் ஒன்று அறுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

அவள் சுவரில் தொங்கிய தம்பட்டையை எட்டி எடுத்தாள்.

"ஏண்டி, தொட்டுத் தொலைக்காதே!" வெள்ளச்சி பதறினாள். "தோல் கிழிஞ்சா சாமி மலையேறிடும்!"

"தோல் கிழிஞ்சா வேற தோல் போர்த்தலாம் அக்கா. என் பிள்ளை போனா?"

குச்சியைக் கணவன் ரங்கன் இடுப்பில் செருகிப் போயிருந்தான். வெறுங்கையால் அடித்தாள். பனியில் தொய்ந்த தோல் 'தொப்' என்றது. வெளியே சிரிப்பு. மூன்றாவது நாரும் அறுந்தது.

பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு, தம்பட்டையை அடுப்பனலில் காட்டினாள். விரல் சுட்டது, எடுக்கவில்லை. தோல் விறைத்தது. ஆனால் எதை அடிப்பது? ஆண்களின் அடி அவளுக்குத் தெரியாது. கைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பிள்ளை முதுகில் தட்டித் தூங்கவைக்கும் தட்டு.

தம்... தம்... தம்தம்.

நாரை அறுத்துக்கொண்டிருந்த நகம் நின்றது.

"யாரது?" சிறுத்தையின் குரல் இறங்கியிருந்தது. "இந்தக் கையை நான் கேட்டதே இல்லையே."

நஞ்சி இன்னும் அழுத்தி அடித்தாள். அப்போது வெள்ளச்சியின் கையும் தோலில் விழுந்தது.

"எட்டு... ஒன்பதா?" முனகல் பின்வாங்கியது. "உள்ளே இன்னும் எத்தனை பேரோ!"

ஆண்கள் திரும்பியபோதும் இருவரும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ரங்கன் தம்பட்டையை வாங்கித் தோலைத் தடவித் தடவிப் பார்த்தான். எங்கும் கிழியவில்லை. பனிக்குள்ளிருந்து சிறுத்தையின் குரல் வந்தது: "அந்த எட்டாவது ஆள் யார்?"

ரங்கன் தம்பட்டையை நஞ்சி மடியிலேயே திருப்பி வைத்தான். "முதல்ல நீ அடி," என்றான் மெதுவாக.

அன்று முதல்தான் அந்த மலையில் ஆணும் பெண்ணும் கலந்து தம்பட்டை அடிக்கிறார்கள். முதல் அடி பிள்ளை பெற்றவளின் வெறுங்கை அடி. சிறுத்தையும் அன்று முதல்தான் ஊர் எல்லையில் காதைத் திருப்பியபடி நிற்கிறது. இன்னும் அது எண்ணி முடிக்கவில்லை.