உறக்கப்பூக் கொடியும் இடஞ்சுற்றிய சிலம்பாயியும்

மலைகளுக்குச் சிறகு வெட்டிக் கொஞ்ச நாளே ஆகியிருந்த காலத்தில் (எத்தனை நாள் என்பதில் புலவர்களுக்குள் தகராறு), மூங்கிலணை நாட்டில் சிலம்பாயி என்றொருத்தி இருந்தாள். அவரை, புடலை, பீர்க்கு என்று அவள் வீட்டுப் பந்தலில் ஏறாத கொடி இல்லை.

ஒருநாள் ஒரு மந்திரவாதி வந்து அவள் கணவன் நல்லதம்பியிடம் ஒரு கிழங்கைக் கொடுத்தான்.

"உறக்கப்பூக் கொடி. பூவை முகர்ந்தால் நல்ல தூக்கம் வரும்."

நல்லதம்பி நட்டான். கொடி படர ஒரு கொம்பு எடுத்துவர எழுந்தான். அதற்குள் முளைத்த கொடி அவன் காலை வலமாக மூன்று சுற்றுச் சுற்றியது. முழங்கால்வரை மரமானான்.

"உச்சியில் பூ விட்டால் இவன் முழுக்க மரம்," என்றான் மந்திரவாதி. "மூன்றாம் நாள் பறிக்க வருவேன்."

முதல் நாள் சிலம்பாயி கொடியை வெட்டினாள். ஒன்று இரண்டாகத் துளிர்த்தது. நல்லதம்பி இடுப்புவரை மரமானான்.

இரண்டாம் நாள் இழுத்தாள். கொடியின் சுணைமுள் கொக்கியாய்ப் பிடித்திருந்ததால் அவன் மேலிருந்த பட்டையும் உரிந்து வந்தது. பட்டைக்கடியில் ரத்தம். அவன் கழுத்துவரை மரமானான்.

"ஏங்க, வலிக்குதா?"

"கழுத்துக்குக் கீழே எனக்குச் சேதியே வரலை. மூக்குதான் அரிக்குது."

சொறிந்துவிட்டபடியே அவள் கொடியைப் பார்த்தாள்.

"ஏங்க, அவரை இடமாச் சுத்தும். வலமாச் சுத்திவிட்டா தானா அவிழ்ந்து விழும். இது வலமாச் சுத்துது. இடமாச் சுத்திவிடட்டுமா?"

அந்த நாட்டில் இடமாகச் சுற்றுவது பிணத்தை மட்டும்தான். வேலியோரம் நின்ற ஊரார் காறித் துப்பினார்கள்.

"புருஷன் உயிரோட இருக்கையிலேயே கருமாதியா, பாவி?"

"தப்பாப் போனா?" என்றான் நல்லதம்பி.

"தப்பாப் போனா, உங்களை நானே கொன்ன மாதிரி."

"வேற யாராவது கொல்றதுக்கு நீயே தேவலை. சுத்து."

மூன்றாம் நாள் விடிந்ததும் இரு கொழுந்துகளையும் பிடித்துக்கொண்டு அவனை இடமாகச் சுற்றினாள். முதல் சுற்றில் அவன் வாய் மரமானது. இரண்டாம் சுற்றில் கண் மரமானது. கொழுந்தில் மொட்டு வந்தது. அவள் நிற்கவில்லை. மூன்றாம் சுற்றில் கொழுந்துக்கு வழி தப்பியது. பிடி நழுவி, சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து கொடி மண்ணில் விழுந்தது. நல்லதம்பி இருமினான்.

அப்போது மந்திரவாதி கூடையோடு வந்தான். கொம்பில்லாத கொடி ஆள் பார்த்துப் பற்றுவதில்லை. அவன் காலிலும் வலமாக மூன்று சுற்று.

"தாயே, இடமாச் சுத்து," என்று கெஞ்சினான்.

சிலம்பாயி யோசித்தாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் அவன் உச்சியில் பூ விட்டது.

அவனோடு மந்திரமும் செத்தது. நாடெங்கும் அவன் கிழங்கு கொடுத்த தோட்டங்களில் மரமாகி நின்ற கொம்புகள் மனிதர்களாகி வீடு திரும்பினார்கள். பூ விட்டவர்கள் மட்டும் திரும்பவில்லை. சிலம்பாயியும் நல்லதம்பியும் நெடுங்காலம் வாழ்ந்தார்கள். ஆனால் நல்லதம்பி அதன்பின் தோட்டத்தில் ஓரிடத்தில் நின்றதே இல்லை.