ஒரு முழுச் சுற்று

"நீங்க யாருக்குக் கோச்? எனக்கா, அவளுக்கா?"

விசாரணை அறையை விட்டு வெளியே வந்ததும் ஷெல்சியா கேட்டாள். கேட்டாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கத்தினாள். கரையில் படகுப் பாய்களை மடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளுடைய கோச் வேதவல்லி வாயில் கிடந்த புளிப்பு மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

பாய்மரப் படகுப் போட்டியில் விசில் ஊதிக்கொண்டு கூடவே வரும் நடுவர் இல்லை. திரும்ப வேண்டிய இடத்தில் மிதவை கிடக்கும். படகு அதைத் தொட்டுவிட்டால், தொட்டவரே அங்கேயே படகை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். யார் பார்த்தார்கள் என்ற பேச்சே கிடையாது. அந்தச் சுற்றுக்குப் பத்து விநாடி போகும்.

ஷெல்சியா சுற்றவில்லை. முதலாவதாக வந்தாள். தேசிய அணிக்கு இருந்தது ஒரே இடம். அது அவளுக்குத்தான் என்று தூத்துக்குடிக் கரையே கைதட்டியது.

இரண்டாவதாக வந்த மிர்துளா புகார் கொடுத்தாள். கடைசி மிதவையை ஷெல்சியாவின் படகு உரசியது என்றாள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. பயிற்சியாளர் படகில் இருந்த வேதவல்லியைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

"தொட்டுச்சு" என்றாள் வேதவல்லி.

அவ்வளவுதான். இடம் மிர்துளாவுக்குப் போயிற்று.

இதைக் கேள்விப்பட்டபோது கதை சொல்கிற எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. சொந்தக் கோச் செய்கிற காரியமா இது!

"மிர்துளாவோட கோச்சா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு? வெயிலு, கண்ணு கூசிச்சு, சரியாத் தெரியலைன்னு சொல்லியிருப்பாரு" என்றாள் ஷெல்சியா.

"சொல்லியிருப்பாரு."

"தானாடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. உங்களுக்கு ஒரு நரம்புகூட ஆடலையேக்கா!"

வேதவல்லி மிட்டாயைக் கடித்து நொறுக்கினாள்.

"ஒம்பது வயசுல இருந்து இந்தத் தண்ணியிலயே கெடக்கேன். பள்ளிக்கூடத்துல இருந்தாலும் சன்னல் வழியா காத்து எந்தப் பக்கம்னுதான் பாப்பேன். எனக்கு வேற என்ன இருக்கு? கூட இருந்தே குழி பறிச்சிட்டீங்க."

"படகு தொட்டுச்சா இல்லையா?"

"தொடல!"

"சரி."

"என்ன சரி? அது என் படகு, அக்கா. அதுமேல ஒரு ஈ உக்காந்தா எனக்குத் தெரியும். மிதவையில இடிச்சா தெரியாமப் போயிருமா?"

வேதவல்லி தன் துப்பட்டாவைக் கழற்றினாள்.

"வா."

ஷெல்சியாவுக்குப் புரிந்தது. கண்ணைக் கட்டிப் படகோட்டுவது அவர்களுக்குப் பழைய பயிற்சி. அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இப்போதும் வீம்புக்குத்தான் ஏறினாள். காட்டிவிட வேண்டும் என்ற வெறி.

வேதவல்லி முன்னால் உட்கார்ந்துகொண்டாள். ஷெல்சியா கண்கட்டோடு சுக்கானைப் பிடித்தாள். பாய் உப்பியது. போட்டி மிதவைகளை இன்னும் யாரும் எடுத்திருக்கவில்லை.

"சொல்லிக்கிட்டே வா" என்றாள் வேதவல்லி.

"காத்து தெக்க சாயுது. கொஞ்சம்தான்."

"ம்."

"சுக்கான்ல பிளாஸ்டிக் பை மாட்டியிருக்கு. சின்னப் பை."

ஷெல்சியா சுக்கானை ஓர் உலுக்கு உலுக்கினாள். பால் பாக்கெட் உறை ஒன்று பின்னால் மிதந்து போயிற்று.

கொஞ்ச தூரம் போனார்கள்.

"கையத் தண்ணிக்குள்ள விட்டிருக்கீங்க. எடுங்க, இழுக்கு."

வேதவல்லி விட்டிருந்தது ஒரே ஒரு விரல். எடுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா!" என்றாள் ஷெல்சியா. குரலில் கோபம் பாதியும் சந்தோஷம் பாதியுமாக இருந்தது. எவ்வளவு கோபம் இருந்தாலும் தண்ணீரில் இறங்கிவிட்டால் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். "இப்ப சொல்லுங்க. எனக்கா தெரியாது?"

"வலப்பக்கம் ஒரு கை அளவு போ."

போனாள்.

"இன்னும் கொஞ்சம்."

படகின் பின்பக்கம் எதிலோ உரசியது. சத்தம் இல்லை. தோளில் யாரோ தெரியாமல் இடித்துவிட்டுப் போவதுபோல லேசாக ஓர் உரசல்.

ஷெல்சியாவின் வாய் மூடிக்கொண்டது.

பாய் படபடத்தது. வேதவல்லி திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னது அது?"

ஷெல்சியா பாய்க்கயிற்றை இழுத்துப் பிடித்தாள்.

"ஷெல்சியா, என்னதுன்னு கேட்டேன்."

"கேக்காதீங்கக்கா."

கண்கட்டு நனைந்திருந்தது. அவள் அதை அவிழ்க்கவில்லை. சுக்கானை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்தாள். அங்கே பார்ப்பதற்கு யாரும் இல்லை, முந்துவதற்கும் யாரும் இல்லை.

படகு ஒரு முழுச் சுற்று சுற்றியது.