அளவில்லாத அறையும் பன்னிரண்டு நடையும்

சரக்... சரக்... என்று ஒரு சத்தம்.

இருட்டி வெகுநேரம் ஆகவில்லை. வயலெலி அஞ்சலை தன் ஐந்து குஞ்சுகளையும் அணைத்தபடி படுத்திருந்தாள். சத்தம் கேட்டதும் காதை நிமிர்த்தினாள். பாம்பு இப்படிச் சத்தம் போடாது. கீரி இவ்வளவு நிதானமாகத் தோண்டாது. யாரோ மண்ணைத் தள்ளுகிறார்கள். அதுவும் அவள் நெற்கதிர் சேர்த்து வைத்திருக்கும் அறைப் பக்கமாக.

குஞ்சுகளை மூக்கால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஐந்தும் இருந்தன. "அசையாமல் இருங்கள். அம்மா இதோ வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரை ஒட்டியே போனாள்.

பெருச்சாளி தாண்டவன்தான் அங்கே நின்றான். அவள் குடியிருந்த மேடு முழுவதும் அவனுக்குச் சொந்தம். பின்னங்காலால் மண்ணைத் தள்ளி அஞ்சலையின் அறை வாயை அடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, என்ன காரியம் செய்கிறீர்கள்? உள்ளே என் கதிரெல்லாம் இருக்கிறதே."

"இருக்கட்டும் தங்கச்சி. ஒரு கதிரும் குறையாது. உன் அறையை நிறுத்தி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்."

"நிறுத்தி வைத்தால் மழைக்காலத்தில் என் பிள்ளைகள் எதைத் தின்னும்? அளவே இல்லாத அறை, எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்று சொன்னது நீங்கள்தானே?"

அவன் அப்படித்தான் சொல்லியிருந்தான். குறுவை அறுப்பு தொடங்கிய அன்று மேட்டின் உச்சியில் ஏறி நின்று, "அளவே இல்லாத அறை! வேண்டிய மட்டும் சேருங்கள்!" என்று கூவினான். சேர்ப்பதில் அவனுக்கு ஒரு பங்கு கொடுத்தால் போதும். அஞ்சலைக்கு அதைக் கேட்ட அன்றுதான் பயமில்லாமல் தூக்கம் வந்தது.

"இப்போதும் அதையேதான் சொல்கிறேன்" என்றான் தாண்டவன். "இடத்துக்கு அளவில்லை. ஆனால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நடைதான் போய்வரலாம். நீ நேற்று எத்தனை நடை வந்தாய் தெரியுமா? அறுபது!"

"ஒரு நடைக்கு என் வாயில் ஒரு கதிர்தானே கொள்ளும், அண்ணே?"

"அது உன் வாயின் அளவு. ஒரே நடையில் அறுபது கதிர் கொண்டுவந்திருந்தால் நான் ஏன் என்று கேட்டிருக்க மாட்டேன்."

"நடைக்கு அளவுண்டு என்று நீங்கள் சொல்லவே இல்லையே."

"வாசலுக்கு மேலே ஓடுகிற வேரின் அடிப்பக்கத்தில் பல்லால் கீறியே வைத்திருக்கிறேன். போய்ப் பார்."

அஞ்சலை போய் அண்ணாந்து பார்த்தாள். பன்னிரண்டு கீறல்கள் இருந்தன. வாயில் கதிரைக் கவ்விக்கொண்டு குனிந்து நுழைகிறவள் என்றைக்கு மேலே பார்த்தாள்?

"இந்த மேட்டில் நாற்பது குடும்பம் இருக்கிறது, தங்கச்சி" என்றான் தாண்டவன், கொஞ்சம் இறங்கிய குரலில். "எல்லோருக்கும் இந்த ஒரே வழிதான். ஆளுக்கு ஒரு பிடி கொண்டுவருவார்கள், அதோடு மறந்துவிடுவார்கள் என்று நம்பித்தான் அளவில்லை என்கிறேன். உன்னைப்போல நாலு பேர் வந்தால் என் கதி என்ன? நாளை மறுநாள் அறையைத் திறப்பேன். பன்னிரண்டு நடையைத் தாண்டாதே. உனக்குப் பதில் உன் குஞ்சு வந்தாலும் நடை நடைதான்."

மறுநாள் முழுக்க அஞ்சலை வரப்பெல்லாம் வேறு இடம் தேடி அலைந்தாள். வடக்கே மேகம் கறுத்திருந்தது. மழைக்கு இன்னும் ஏழெட்டு நாள்தான் இருக்கும்.

தாண்டவனின் மேட்டுக்கு எட்டத்தில், ஓர் உயரமான வரப்பில் நண்டு வீராயி உட்கார்ந்திருந்தாள். "என் பழைய வளை சும்மாதான் கிடக்கிறது. வேண்டுமானால் எடுத்துக்கொள்" என்றாள்.

முன்பென்றால் அஞ்சலை அப்போதே நன்றி சொல்லியிருப்பாள். இப்போது வளைக்குள் நுழைந்து, கூரையையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"எவ்வளவு கொள்ளும், அக்கா?"

"சின்ன வளைதான். நீயும் பிள்ளைகளும் போக நூறு கதிரின் மணி கொள்ளும். அதற்குமேல் ஒரு மணிகூட வைக்க முடியாது."

"தண்ணீர் ஏறுமா?"

"போன ஐப்பசியில் வாசல்வரை வந்தது. உள்ளே வரவில்லை."

"எத்தனை நடை போய்வரலாம்?"

வீராயி கண்களைத் தூக்கிப் பார்த்தாள். "இதென்னடி கேள்வி? உன் வீடு, உன் கால். நடந்து தீர்."

அன்றிரவே அஞ்சலை குஞ்சுகளை அந்த வளைக்குக் கொண்டுபோனாள். மறுநாள் தாண்டவன் சொன்னபடி அறையைத் திறந்தான். உள்ளே இருநூறு கதிருக்கு மேல் இருந்தது. நடைக்கு ஒன்றாகத் தூக்கினால் மழைக்குள் பாதிகூட வெளியே வராது. அஞ்சலை கதிர்களுக்கு நடுவே உட்கார்ந்து யோசித்தாள். பிறகு மணிகளை உதிர்க்க ஆரம்பித்தாள். தாளை அங்கேயே போட்டுவிட்டு, கன்னம் உப்ப மணியை மட்டும் அடக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு நடையில் இரண்டு கதிரின் மணி!

வாசலில் தாண்டவன் எண்ணிக்கொண்டே இருந்தான். பன்னிரண்டாவது நடையில் அவள் கன்னத்தைப் பார்த்து, "இது என்ன தந்திரம்?" என்றான்.

மணி சிந்தாமல் அஞ்சலையால் பதில் சொல்ல முடியவில்லை. மேலே வேரை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

அறை திறந்த ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. நாற்பது குடும்பமும் ஒரே நேரத்தில் கதிர் எடுக்க ஓடின. அந்த ஒற்றை வழியில் ஒருவரும் முன்னே போக முடியவில்லை. "ஒவ்வொருவராக வாருங்கள்!" என்று தாண்டவன் கத்தியது அஞ்சலையின் புது வளைவரை கேட்டது. அஞ்சலையின் கதிரிலும் பாதி அங்கேயே நின்றுவிட்டது.

ஆனாலும் வளைக்குள் சேர்ந்திருந்த மணியைப் பார்த்தாள். சிக்கனமாகத் தின்றால் மழை ஓயும்வரை வரும். குஞ்சுகளை மூக்கால் தொட்டு எண்ணினாள். ஐந்து. வாசலில் மண்ணை அணைத்து, ஒரு கருவேலங்குச்சியைக் குறுக்கே செருகி, உள்ளிருந்து தாழிட்டாள்.

அளவே இல்லை என்று ஒருவர் சொன்னால், எதற்கு அளவில்லை, எதற்கு அளவுண்டு என்று குடிபுகுமுன்னே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.