ஆழாக்கும் அதன் போதையும்

கூவரங்காட்டுப் பாளையத்தில் போர் நடந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் வெற்றி விழா மட்டும் ஆண்டு தவறாமல் நடக்கும். அன்றைக்கு அரண்மனையில் சாராயம் ஊற்றுவார்கள். குடித்தவன் என்ன உளறினாலும் ராஜா அதைக் குற்றமாக எடுக்கக்கூடாது என்பது அங்கே வழக்கம். படைத்தலைவரான தளவாய் பொம்முலிங்கத்துக்கு இது போதாதா? வருடம் முழுக்கச் சேர்த்துவைத்த வசவையெல்லாம் ராஜாவின் முகத்துக்கு நேரே கொட்டுவார். மறுநாள், "நேத்து என்ன பேசினேன்னே ஞாபகமில்லை மகாராஜா" என்று பெரிய கும்பிடாகப் போடுவார்.

சரக்கை அளந்து ஊற்றுவது சபை ஆலோசகர் வேம்பையாவின் வேலை. அவருடைய கிண்டலில் அடிக்கடி வெந்துபோன தளவாய், ஆளை ஊரைவிட்டே கிளப்பச் சமயம் பார்த்திருந்தார். இந்த வருடம் விழாவுக்குச் சில நாள் முன்பே ராஜாவின் காதில் ஓதினார்.

"அவன் அளக்கிற லட்சணத்தைப் பாருங்க மகாராஜா! எல்லாருக்கும் அதே ஓர் ஆழாக்குதான். கணக்கப்பிள்ளை தூணைக் கட்டிக்கிட்டு அழறாரு. எனக்குத் தொண்டைகூட நனையறதில்லை. இது என்ன ஓரவஞ்சனை?"

கொண்டைய ராஜாவுக்கு நியாயம் என்றால் உயிர். யோசிப்பதுதான் கொஞ்சம் சிரமம்.

"வேம்பையா! இந்த விழாவுல எல்லாருக்கும் அளவும் ஒண்ணா இருக்கணும், போதையும் ஒண்ணா இருக்கணும். ஒருத்தனுக்குக் கூடினாலும் குறைஞ்சாலும் நீ இந்த ஊர்லயே இருக்கக்கூடாது."

வேம்பையா சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். எலும்பும் தோலுமான கணக்கப்பிள்ளையும் எருமைக்கடா மாதிரி இருக்கிற தளவாயும் ஓர் ஆழாக்கில் ஒரே மாதிரி ஆட வேண்டுமாம்! பிரம்மனே வந்து அளந்தாலும் நடக்கிற காரியமா?

விழா அன்று அரண்மனை வாசலில் ஒரு கழுதை நின்றது. தளவாய் அன்போடு கட்டிவைத்தது.

"மூட்டை கட்டியாச்சா வேம்பையா? எல்லை வரைக்கும் நடந்தா உனக்குக் கால் வலிக்குமேன்னுதான்."

"உங்க நல்ல மனசு யாருக்கு வரும் தளவாயே!" என்று வேம்பையா கழுதையைத் தட்டிக்கொடுத்தார்.

சபை கூடியது. நடுவில் ஒரு பெரிய பானை. அதன் வாசனை வாசல் வரை தூக்கியது. வேம்பையா விளிம்பு தட்ட முகந்து, ஆளுக்கு ஓர் ஆழாக்கு ஊற்றினார். சொட்டுக்கூட முன்னே பின்னே இல்லை. குடித்தவர்களுக்குத் தொண்டை எரிந்தது, கண்ணில் நீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் கணக்கப்பிள்ளை வழக்கமான தூணைத் தேடிப் போனார். ராஜா சிம்மாசனத்தின் மேல் ஏறி நின்று ஆடினார்.

தளவாய் தள்ளாடி வந்து, ராஜாவின் தலைப்பாகையைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். "வாளை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாத உனக்கெல்லாம் எதுக்குய்யா சிம்மாசனம்? இறங்கு, நான் உக்கார்றேன்!"

ராஜா பல்லைக் கடித்தார். வழக்கம் ஆயிற்றே!

"பாத்தீங்களா?" என்றார் தளவாய். "எனக்குத் தலைக்கு மேல ஏறிப்போச்சு. அந்தா, அங்க ஒருத்தன் சும்மா சிரிக்கிறான். போதை ஒண்ணா இல்லை. வேம்பையா தோத்தான்!"

"நிஜமாவே ஏறிடுச்சா தளவாயே?"

"சத்தியமா!"

வேம்பையா பானையைக் கவிழ்த்தார். அடியிலிருந்து சுக்கும் மிளகும் உருண்டன.

"கருப்பட்டி போட்ட கஷாயம் மகாராஜா. வாசனைக்குப் பானையின் வெளிப்பக்கம் மட்டும் சாராயம் தடவினேன். எல்லாருக்கும் அளவு ஒண்ணு. ஒருத்தருக்கும் துளி போதை இல்லை, அதனால போதையும் ஒண்ணு. குடிச்சவர் பேச்சைத்தானே மன்னிக்கணும்? தளவாய் இன்னும் குடிக்கவே இல்லையே!"

தளவாய் தலைப்பாகையை மெதுவாகக் கழற்றினார். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். வாசலில் நின்ற கழுதை வீண்போகவில்லை. ராஜாவின் ஆணைப்படி, தளவாயைச் சுமந்துகொண்டு எல்லைக்குக் கிளம்பியது.

திடீரென்று ராஜாவின் சிரிப்பு நின்றது. வேம்பையாவைப் பக்கத்தில் இழுத்தார்.

"அப்படின்னா... நான் எதுக்குய்யா ஆடினேன்?"

வேம்பையா ஒரு கணம் வாசலைப் பார்த்தார். பிறகு குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "உங்களைப்போய் எல்லாரோடயும் சேர்க்க முடியுமா மகாராஜா? உங்களுக்கு மட்டும் தனியா அசல் சரக்கு."

ராஜாவின் முகம் மலர்ந்தது. கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி வேம்பையாவுக்குப் போட்டார். "அதானே பார்த்தேன்! என்னா ஒரு காரம்! அடுத்த விழாவுக்கும் எனக்கு அதே சரக்குதான்."

"உத்தரவு மகாராஜா."

சபையில் இருந்தது ஒரே பானைதான். வேம்பையா வீட்டுக்குப் போகிற வழியில் கடைத்தெருவில் நின்று, அடுத்த வருடத்துக்கு வேண்டிய சுக்கை இப்போதே வாங்கி வைத்துக்கொண்டார்.